மூன்றடைப்பு பக்கம் புது வீடு: துஜா, கிறிஸ்துமஸ் மரம், சைப்ரஸ், சவுக்கு - எதை எங்கே வைக்கலாம்?

மூன்றடைப்பு வீடு (கேள்வி)

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டம் மூன்றடைப்பு பக்கம் 15 சென்ட் மனை. கிழக்கு மேற்காக 109 அடி, தெற்கு வடக்காக 60 அடி. கிழக்கு வாசல். வீட்டுக்கு முன்னால் 30 அடியும் பின்னால் மேற்கே 34 அடியும் காலியாகக் கிடக்கிறது. தெருவில் போகிற மின்கம்பி எங்கள் காம்பவுண்டை ஒட்டியே போகிறது. மேற்கே வெறுங்காடு, ஒரு மறைப்பும் கிடையாது. ஆனி பிறந்தால் ஆவணி வரைக்கும் மேகாத்து (மேல்காற்று) மண்ணை வாரிக்கொண்டு வந்து சன்னலில் அடிக்கிறது.

வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற ஊசியிலை மரங்கள்தான் வேண்டும் என்பது வீட்டில் எல்லாருடைய விருப்பம். மூன்று இடம் யோசித்திருக்கிறோம்.

மேற்குச் சுவரை ஒட்டி 60 அடிக்குக் காற்றுத் தடுப்பாக ஒரு வரிசை. கேட்டுக்கு இரண்டு பக்கமும் கூம்பு மாதிரி ஒவ்வொன்று. முன்பக்கம் ஓங்கி நிற்கிற மாதிரி ஒரு மரம், டிசம்பரில் நட்சத்திர விளக்கு கட்ட.

நர்சரியில் கேட்டதற்குத் துஜா, கிறிஸ்துமஸ் மரம், கோல்டன் சைப்ரஸ், ஜூனிபர் நான்கும் இங்கே வரும் என்றார்கள். மேற்கு வரிசைக்குக் கோல்டன் சைப்ரஸையே சொன்னார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் சவுக்கைத் தவிர எதுவும் நிற்காது என்கிறார்.

மண்: மேலே ஓரடி செம்மண், அடியில் சரள், அதற்கும் கீழே வெள்ளையாக ஏதோ கட்டி. போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1,400. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தாமிரபரணி தண்ணீர் வரும், அது வீட்டுச் செலவுக்கே சரியாக இருக்கும். இப்போது ஆடி கடைசி, மழைக்கு முன்னால் நட்டுவிட நினைக்கிறோம். எதை வாங்க, எதை விட?

---

சரள்மண்

அண்ணாச்சி, மூன்று இடத்துக்கும் ஒரே வகை மரம் தேடாதீங்க. மூன்றும் வேறு வேறு வேலை.

முதலில் விலக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கோல்டன் சைப்ரஸ் வாங்காதீங்க. நர்சரியில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் மான்டெரே சைப்ரஸின் மஞ்சள் ரகம். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் அடித்தால் அதுதான். அதன் பூர்வீகம் கலிபோர்னியாக் கடலோரம், கோடையிலும் மூடுபனி இறங்குகிற குளிர்ந்த இடம். ஊட்டியில் நன்றாக வளரும். நம்ம ஊரில் கார்த்திகையில் வாங்கினால் மாசி வரை கண்ணைப் பறிக்கும், பங்குனி வெயிலில் உள்பக்கத்திலிருந்து காய ஆரம்பிக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூட ஊற்றுவார்கள், சூடான மண்ணில் ஈரமும் சேர்ந்து வேர் அழுகிவிடும். இதை 60 அடி வரிசைக்கு வாங்கினால் மொத்தப் பணமும் ஒரே கோடையில் போகும்.

ஜூனிபர் கெட்டியான செடி. வெயில் தாங்கும், உப்பும் ஓரளவு தாங்கும். ஆனால் மெதுவாகத்தான் வளரும். காற்றைத் தடுக்கிற உயரம் வர எத்தனையோ வருஷம் காத்திருக்கணும். அதனால் மேற்கு வரிசைக்கு ஆகாது, முன்பக்கம் அழகுக்கு ஒன்றிரண்டு வைக்கலாம்.

மேற்கு வரிசைக்கு உங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னதே சரி. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வையுங்க. சவுக்கு ஊசியிலை மரம் மாதிரி இருக்குமே தவிர அந்த இனம் கிடையாது, பூக்கிற மரம். ஒரு பச்சை ஊசியை எடுத்து இரண்டு நுனியையும் பிடித்து மெதுவாக இழுங்க. ஒரு கணுவில் கழன்று வரும். கழன்ற இடத்தில் கிரீடம் வைத்த மாதிரி ஆறு முதல் எட்டு வரை பொடிப் பற்கள் தெரியும். அந்தப் பற்கள்தான் அதன் இலை. ஊசி என்று நாம் நினைப்பது மெல்லிய கிளை. இலை அவ்வளவு சிறுத்துப் போனதால்தான் வெயிலிலும் காற்றிலும் நீரை இழக்காமல் நிற்கிறது. வேரில் முடிச்சு கட்டிக் காற்றிலுள்ள தழைச்சத்தையும் பிடித்துக்கொள்ளும், சத்தில்லாத சரளில் நிற்பதற்கு அதுவே காரணம். கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் காற்றுத் தடுப்புக்கென்றே தேர்ந்தெடுத்த சவுக்கு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. கிடைத்தால் அவற்றை வாங்குங்க, அடிவரைக்கும் கிளை அடர்ந்து நிற்கும். கம்புக்காக வளர்க்கிற ரகம் அடியில் மொட்டையாகிவிடும், காற்று கீழாகவே புகுந்து வரும்.

காற்றுத் தடுப்பு என்றால் சுவர் மாதிரி அடைத்து நிற்கணும் என்று நினைக்கிறோம், அது தப்பு. முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழும். மண்ணை உங்கள் முற்றத்திலேயே கொட்டும். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கிற வேலிதான் வேகத்தைக் கொல்லும். அப்படிப்பட்ட வேலி தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைக் குறைக்கும். 12 அடி உயரம் வைத்தாலே 120 அடி. உங்கள் மனை முழுக்க அதற்குள் அடங்கிவிடும். ஆகவே சவுக்கை 60 அடிக்கு ஓங்கவிட வேண்டிய தேவையே இல்லை.

கேட்டுக்கு இரண்டு பக்கமும் துஜா வைக்கலாம், அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. நாற்றங்கால் அக்கா அதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

முன்பக்கத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிற அராகேரியா. இதில் இரண்டு மரங்கள் ஒரே பெயரில் வருகின்றன. ஒன்று நார்போக் தீவு பைன், இன்னொன்று நியூ கலிடோனியாவிலிருந்து வந்த குக் பைன். நம் நாட்டில் நார்போக் என்று சொல்லி விற்பதில் குக் பைனும் நிறையக் கலந்திருக்கும். பெங்களூர் லால்பாக் போனால் ஓங்கி வளர்ந்த அராகேரியாக்களைப் பார்க்கலாம். சின்னச் செடியில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். வளர்ந்தபின் நார்போக் அகன்ற முக்கோணமாகவும், கிளைத் தட்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டும் நிற்கும். குக் பைன் குறுகின தூண் மாதிரி போகும், பட்டை காகிதம் போல உரியும். உங்கள் முன்முற்றம் 30 அடிதான் என்பதால் குக் பைன் வாய்த்தால் நல்லது, கிளை விரிப்பு அடியில் 10, 12 அடி விட்டம்தான் எடுக்கும். அதுபோக அது இயற்கையாகவே பவளச் சுண்ணாம்புக் கரைகளில் வளர்கிற மரம். உங்கள் அடிமண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தக் குணம் உதவும் என்று தோன்றுகிறது.

மின்கம்பி ஓரம் வேண்டவே வேண்டாம். முற்றத்தின் நடுவில், வீட்டிலிருந்து 15 அடி, கம்பியிலிருந்து 15 அடி விட்டு வையுங்க. வடகிழக்கு மூலையில் பெரிய மரம் வைக்க வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், தென்கிழக்குப் பாதியில் வைத்தால் அந்தப் பேச்சும் வராது. உயரம் போனால் உச்சியை வெட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வைக்காதீங்க. அராகேரியாவின் அழகே அந்த ஒற்றைக் குருத்துதான். அதை வெட்டினால் உருவம் போச்சு, திரும்ப வராது.

---

பொருநைக்கரை

மரத்தைப் பேசுவதற்கு முன்னால் மண்ணைப் பார்க்கணும் தம்பி. "வெள்ளையாக ஏதோ கட்டி" என்று எழுதியிருக்கிறீங்களே, அநேகமாக அது சுக்கான். தாழையூத்துப் பக்கம் சிமெண்டுக்கு வெட்டுகிறார்களே, அந்தச் சுண்ணாம்புச் சத்துதான் நம்ம பக்கம் பல இடத்தில் அடிமண்ணில் கட்டியாகவும் தட்டாகவும் கிடக்கிறது. இரண்டு சோதனை செய்து பாருங்க, இரண்டுக்கும் செலவு கிடையாது.

ஒன்று, அரை அடி, ஒன்றரை அடி, இரண்டரை அடி ஆழங்களில் கைப்பிடி மண் எடுத்துக் காயவைத்து, கழிவறை கழுவுகிற ஆசிட்டில் நாலு சொட்டு விடுங்க. கையுறை போட்டுக்கொண்டு, வெளியில் வைத்துச் செய்யணும். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. எந்த ஆழத்தில் பொங்க ஆரம்பிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்க. வினிகர் விட்டாலும் தெரியும், ஆனால் குறைவாக இருக்கிற சுண்ணாம்பை அது காட்டாது.

இரண்டு, ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி முழுக்க வடியவிடுங்க. மறுபடி நிரப்பி ஒரு குச்சியை நட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்க. மணிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் அராகேரியாவோ துஜாவோ அப்படியே நடக் கூடாது. சரளை வெட்டி, நல்ல மண்ணும் எருவும் நிரப்பி நட்டால், அந்தக் குழி ஐப்பசி மழையில் ஒரு தொட்டி மாதிரி தண்ணீரைக் கட்டி வைத்துக்கொள்ளும். சுற்றிலும் சுக்கான் தட்டு, நடுவில் பஞ்சு மாதிரி மண். நீர் எங்கேயும் போகாது. நம்ம பக்கம் கோடையில் செத்தது என்று சொல்கிற ஊசியிலை மரங்களில் பல, உண்மையில் அதற்கு முந்தின மழைக்காலத்திலேயே வேர் அழுகியவை. வெயில் வந்ததும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

சுண்ணாம்பு செய்கிற இன்னொரு கெடுதல் இரும்புச்சத்தைக் கட்டிப் போடுவது. புதுத் தளிர் மட்டும் வெளிறி மஞ்சளாக வரும், பழைய இலை பச்சையாகவே இருக்கும். யூரியா போட்டால் தீராது, அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டினாலும் சுண்ணாம்பு அதையும் பிடித்துக்கொள்ளும். கடையில் இரும்புச் சத்து கேட்டால் ஈடிடிஏ வகையைத் தருவார்கள், பிஎச் 7-ஐத் தாண்டினால் அது நிற்காது. ஈடிடிஎச்ஏ வகை என்று கேட்டு வாங்குங்க. செங்கருப்பான துகள், தண்ணீரில் போட்டால் ரத்தச் சிவப்பாகக் கரையும். சின்ன மரத்துக்கு 5 கிராம், 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஈரமான வேர்ப்பகுதியில் ஊற்றி அதன்மேல் கொஞ்சம் நல்ல தண்ணீர் விடணும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும், அதனால் மாலையில்.

தண்ணீருக்கு வருவோம். டிடிஎஸ் 1,400 என்றால் ஈசி கணக்கில் (உப்பைக் காட்டுகிற மின்கடத்தும் திறன், டெசிசீமன்ஸ்/மீட்டர்) ஏறக்குறைய 2.2. ஊற்றும்போது 2.2, ஆனால் மண் காயக் காய உப்பு அங்கேயே தங்கிச் செறிந்துகொண்டே போகும். தினமும் ஒரு குடம் ஊற்றுகிற பழக்கம் இதற்கு மிகவும் கெடுதல். மேல் நாலு அங்குலம் மட்டும் நனையும், ஆவியாகும், உப்பு மேலேயே படியும். வாரத்துக்கு இருமுறை, ஆனால் ஆழமாக ஊற்றுங்க. மாதம் ஒருமுறை தாமிரபரணி தண்ணீரை மரத்துக்கு 40 லிட்டர் வீதம் நிதானமாக விட்டால், படிந்த உப்பு கீழே இறங்கும். வடிகால் இருந்தால்தான் இறங்கும், அதனால்தான் குழியை முதலில் சரிசெய்யச் சொல்கிறேன். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் உப்பில்லாதது, ஒரு வாளியில் பிடித்துத் துஜாவுக்கு ஊற்றலாம். ஆர்ஓ கழிவுத் தண்ணீரை எந்தச் செடிக்கும் ஊற்ற வேண்டாம், இருக்கிற உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கும்.

---

மூன்றடைப்பு வீடு

அக்கா, சொன்னபடி செய்து பார்த்துவிட்டோம்.

மேற்குச் சுவர் ஓரம்: அரை அடியில் நுரையே இல்லை, ஒன்றரை அடியிலிருந்து பொங்குகிறது. தண்ணீர் மணிக்கு அரை அங்குலம்தான் இறங்கியது. கடப்பாரை போட்டால் சுக்கான் தட்டு ஓரடிக் கனம் இருக்கும் போலிருக்கிறது, அதற்குக் கீழே மறுபடி சரள்.

முன்முற்றம் தென்கிழக்கு: நாலடி வரை செம்மண்ணும் சரளும்தான், ஆசிட் விட்டால் லேசாக மட்டும் நுரைக்கிறது. தண்ணீர் மணிக்கு இரண்டு அங்குலம் இறங்கியது.

கேட் ஓரம்: கட்டட வேலையில் கொட்டின சிமெண்டும் கலவையும் கலந்து கிடக்கிறது. மேலேயே நன்றாகப் பொங்குகிறது.

இதை வைத்து என்ன செய்யலாம்?

---

நாற்றங்கால்

நல்ல காரியம் செய்தீங்க. கேட் ஓர மண்ணில் எதையும் அப்படியே நடாதீங்க. சிமெண்டுக் கலவை சுக்கானைவிட மோசம். மூன்றடி விட்டம், இரண்டடி உயரமுள்ள கிணற்று உறை இரண்டு வாங்குங்க. உறை வைக்கிற இடத்தில் கலவை மண்ணை இரண்டடி ஆழம் வெட்டி எடுத்து, அடியைக் கடப்பாரையால் கொத்திவிட்டுச் சரளை நிரப்பி, மேலே உறையை நிறுத்துங்க. உறைக்கு அடித்தளம் பூசக் கூடாது, திறந்தே இருக்கணும். ஓர் உறைக்கு 14 கன அடி மண் பிடிக்கும். செம்மண் மூன்று பங்கு, ஆற்று மணலோ எம்சாண்டோ ஒரு பங்கு, மக்கின தொழு உரம் ஒரு பங்கு. எம்சாண்ட் என்றால் அதிலுள்ள தூசியை அலசிவிட்டுப் போடுங்க, இல்லையென்றால் கட்டியாகிவிடும். உறை புதிது என்றால் அதுவும் சுண்ணாம்பு விடும். இரண்டு வாரம் தினமும் தண்ணீர் ஊற்றி நனைத்துக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்க.

துஜா வாங்கும்போது இலைத் தட்டைப் பாருங்க. நம்ம ஊரில் கிடைப்பது கீழ்த்திசைத் துஜா, புத்தகத்தை நிமிர்த்தி அடுக்கின மாதிரி இலைத் தட்டுகள் செங்குத்தாக நிற்கும். இந்தியில் மோர்பங்கி (மயிலிறகு) என்று சொல்வது இதைத்தான். இலைத் தட்டுகள் படுக்கையாக விரிந்திருந்தால் அது குளிர் நாட்டு வகை, எடுக்க வேண்டாம். உயரத்தையும் கேட்டு வாங்குங்க. குட்டை ரகம் ஐந்தாறு அடியில் நின்றுவிடும், விதைபோட்டு வந்தது 15 அடிக்கு மேல் போகும். கேட்டுக்குக் குட்டை ரகம், இரண்டும் ஒரே இடத்தில், ஒரே தரத்தில் வாங்கினால்தான் ஜோடியாக நிற்கும். செடியை இரண்டு கையாலும் விரித்து உள்ளே பாருங்க. உள்பக்கம் கொஞ்சம் பழுப்பு இருப்பது இயல்பு, பழைய இலை உதிர்வதுதான். வெளி நுனி வரைக்கும் பழுப்பு வந்திருந்தால் விட்டுவிடுங்க.

துஜாவைக் கொல்வது இரண்டு. ஒன்று நிழல். ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாத பக்கம் வெளுத்து மொட்டையாகும், மொட்டையான குச்சி மறுபடி தளிர்க்காது. கத்தரிக்கும்போதும் இதே கதைதான், பச்சை இருக்கிற அளவுக்கு மட்டும் நுனி கிள்ளலாம், பழுத்த குச்சி வரை வெட்டினால் அந்த ஓட்டை அப்படியே நிற்கும். மதில் நிழலும் கார் நிறுத்துகிற கூரை நிழலும் விழாத இடமா என்று பார்த்துக்கொள்ளுங்க.

இரண்டாவது செம்பேன். மாசிக் கடைசியிலிருந்து ஆனி வரை பார்க்கணும். இலை பச்சை குன்றி, தூசி படிந்த மாதிரி சாம்பல் பூத்துத் தெரியும். பலபேர் தூசி என்றே விட்டுவிடுவார்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்க. உப்புத்தூள் மாதிரி விழுந்தவற்றை அரை நிமிஷம் கண்ணெடுக்காமல் பாருங்க. நகர்ந்தால் பேன். விரலால் தேய்த்தால் செம்பழுப்பாக ஒரு கோடு விழும். அப்போதே குழாயில் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சி, உள்பக்கமும் அடியும் படும்படி காலையில் அலசுங்க, மூன்று நாளைக்கு ஒருமுறை மூன்று தடவை. நல்ல தண்ணீரில் அலசணும். போர் தண்ணீர் இலையில் காய்ந்தால் நுனி கருகும். அதில் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் சேர்த்துக் கலக்கி, வெயில் இறங்கினபின் அடியுங்க. அதற்கும் மிஞ்சினால் மட்டும் புரோபர்கைட் 57 ஈசி என்கிற பேன் மருந்து, லிட்டருக்கு 2 மில்லி. நனையும் கந்தகம் பேனுக்கு நல்ல மருந்துதான், ஆனால் வெயில் 35 பாகைக்கு மேல் போகிற நாளில் அடித்தால் மருந்தே இலையைச் சுட்டுவிடும். பேன் வருகிற மாதங்களில் நம்ம ஊர் வெயில் பெரும்பாலும் அதற்கு மேல்தான்.

அராகேரியா வாங்கும்போது ஒரு தொட்டிக்குள் எத்தனை தண்டு என்று எண்ணுங்க. அடர்த்தியாகத் தெரியணும் என்று மூன்று, நாலு கன்றுகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதைப் பிரித்து நடப் போனால் வேர் அறுந்து எல்லாமே போகும். நேராக, பலமாக இருக்கிற ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை மண் மட்டத்தில் கத்தரியால் வெட்டுங்க, பிடுங்காதீங்க. தண்டைச் சுற்றி ஒவ்வொரு தட்டிலும் ஐந்தாறு கிளைகள் எல்லாத் திசையிலும் சமமாகப் போகிறதா என்று மேலிருந்து பாருங்க. ஒருபக்கமாகவே படுத்து விசிறி மாதிரி இருந்தால் அது பக்கக் கிளையை வெட்டி வேர்விடச் செய்தது. எத்தனை வருஷம் ஆனாலும் நிமிராது, மரமாகாது. இரண்டு, மூன்று அடிக் கன்றே போதும். ஏழடிச் செடி வாங்கினால் மேகாத்தில் சாயும், வேர் பையைச் சுற்றி முறுக்கிக்கொண்டும் இருக்கும்.

இந்தச் செடிகளில் நிறைய ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து நிழல்வலைக்குள் வளர்ந்து லாரியில் வருபவை. வாங்கின அன்றே நட்டு வெயிலில் விடாதீங்க. ஒரு வாரம் காலை வெயில் மட்டும், அடுத்த வாரம் மதியம் வரை, அதற்கப்புறம் முழு வெயில். நடும்போது பை மண் களியாக இறுகியிருந்தால், ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, வெளி ஓரத்தை மட்டும் விரலால் உதிர்த்துவிட்டு நடுங்க. அப்படியே நட்டால் சுற்றிலும் ஈரமிருந்தும் அந்த உருண்டைக்குள் தண்ணீர் இறங்காது, செடி நனைந்த மண்ணுக்கு நடுவிலேயே தாகத்தில் சாகும்.

---

சரள்மண்

சோதனை முடிவு வந்தபின் கணக்குச் சுலபமாகிவிட்டது.

மேற்கு வரிசை. சவுக்குக்குச் சுண்ணாம்பு பகையில்லை, பவள மணல் கரையிலும் வளர்கிற மரம். தட்டு உடைந்தால் போதும், மண் மாற்ற வேண்டியதில்லை. அந்தச் செலவு உங்களுக்கு மிச்சம். ஜேசிபி விட்டு இரண்டு வாய்க்கால் எடுங்க. சுவரிலிருந்து 4 அடியில் ஒன்று, 9 அடியில் ஒன்று. அகலம் 2 அடி, ஆழம் 3 அடி, இரண்டு முனையிலும் 2 அடி விட்டு 56 அடி நீளம். தனித்தனிக் குழியைவிட வாய்க்கால் நல்லது, ஒரு மரத்தடியில் தண்ணீர் கட்டினாலும் நீளவாக்கில் நகரும். தாழ்வான முனையில் சுக்கானை முழுக்க ஊடுருவி ஒரு குழி எடுத்து, உடைகல் போட்டு விட்டால் மழைநீர் அதன்வழியே இறங்கிவிடும். மேல் செம்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, உடைத்த சுக்கானை அடியிலும் செம்மண்ணை மேலேயும் போட்டு மூடுங்க. மாறிப் போய்விடக் கூடாது.

கன்று ஒன்றுக்கொன்று 5 அடி, முதல் வரிசைக்கு 12, இரண்டாவது வரிசைக்கு இடைவெளியில் விழும்படி 11, ஆக 23. நாலைந்து கன்று கூட வாங்கி வையுங்க, பட்டுப்போன இடத்தை மறு மாதமே நிரப்பணும். ஒன்றரை அடி உயரக் கன்றே சிறந்தது. பழைய சவுக்குத் தோப்பில் வேரடி மண் ஒரு சாக்கு எடுத்து வந்து, கன்றுக்கு இரண்டு கைப்பிடி போடுங்க, வேர் முடிச்சு சீக்கிரம் கட்டும். மக்காத சாணம் போடாதீங்க, செம்மண்ணில் அது கரையானைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். கன்றுக்குக் கால் கிலோ வேப்பம்புண்ணாக்குப் போதும். முதல் இரண்டு வருஷம் சொட்டு நீர், கன்றுக்கு மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் ஒன்று, மூன்று நாளைக்கு ஒருமுறை மூன்று மணி நேரம். இதற்குப் போர் தண்ணீரே போதும்.

12 அடி தொட்டதும் உச்சியை வெட்டுங்க. அதற்கப்புறம் மாசியிலும் ஆவணியிலும் பக்கத்தைக் கத்தரித்து வரணும். இளசிலேயே தொடங்கணும். 30 அடி வளரவிட்டு அப்புறம் பாதியில் அறுத்தால் நம்ம ஊர்ச் சவுக்கு சரியாகத் துளிர்க்காது. உதிர்கிற ஊசி மொட்டை மாடி நீர்க்குழாயை அடைக்கும், ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை சுத்தம் செய்துகொள்ளுங்க. கோடையில் சருகு மெத்தை மாதிரி கிடக்கும், நெருப்புப் பொறி விழாமல் கூட்டி அள்ளணும். பட்டை கொப்புளித்து வெடித்து, உள்ளே கரும்பொடி தெரிந்தால் அது பூசண நோய். அந்த மரத்தை வேரோடு எடுத்து எரித்துவிடுங்க, அந்த இடத்தில் மறுபடி சவுக்கு வைக்க வேண்டாம்.

அராகேரியாவுக்குத் தென்கிழக்கு முற்றம் கச்சிதம். மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி, ஆவணியில் எடுத்து ஆறப்போடுங்க. எடுத்த மண்ணோடு ஒரு கூடை மக்கின உரம், அரைக் கிலோ வேப்பம்புண்ணாக்கு. குழிக்குள் சத்தைக் கொட்டி நிரப்ப வேண்டாம், வேர் வெளியே போக மறுக்கும். தரையைவிட அரை அடி மேடாக நடுங்க, பையில் இருந்த மட்டத்துக்கு மேல் தண்டில் மண் ஏறக் கூடாது. இரண்டு பக்கமும் கம்பு ஊன்றி, செடியின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பழைய துணியால் தளர்வாகக் கட்டுங்க. காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் அடித்தண்டு பருக்கும். ஒரு வருஷத்தில் கம்பை எடுத்துவிடணும்.

நடுகிற நாள் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல் வாரம். நம்ம பக்கம் மழை வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது, மேகாத்தும் அதற்குள் ஓய்ந்துவிடும். மார்கழி முடிய வேர் பிடித்துக்கொண்டால் பங்குனி வெயிலைத் தாங்கும். விளக்கு கட்டுவதை மட்டும் மூன்று வருஷம் தள்ளிப்போடுங்க. இளங்கிளையில் ஒயர் சுற்றி இழுத்தால் கிளை ஒடியும், அந்தத் தட்டின் அழகு கெட்டுவிடும்.

---

மூன்றடைப்பு வீடு

ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்காமார். ஒரே ஒரு கேள்வி. குக் பைன் வளர வளரச் சாயும் என்கிறார்களே, வீட்டுப்பக்கம் சாய்ந்தால்?

---

பொருநைக்கரை

சாயும் என்பது உண்மைதான் தம்பி. நிலநடுக்கோட்டைப் பார்த்துச் சாய்கிற மரம் அது. நமக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவில் வடக்கே. நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போகச் சாய்வு கூடும். நம்ம ஊர் எட்டரை, ஒன்பது பாகைக்குள் இருப்பதால் லேசாகத்தான் இருக்கும். உங்கள் வீடு மரத்துக்கு மேற்கே, கம்பி கிழக்கே. தெற்கே சாய்ந்தால் இரண்டுக்கும் தொந்தரவில்லை. ஆனால் தெற்குச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி வையுங்க, பக்கத்து மனையில் நாளைக்கு வீடு வரும். மேற்கேயோ கிழக்கேயோ சாய்வது தெரிந்தால் அது மரத்தின் குணமில்லை, வேர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கம்பி போட்டு இழுக்காமல், அடிமண்ணைத் தோண்டி வேரைப் பாருங்க.